சந்தேக டப்பா

சற்று முன்பு அந்தத் திரையில் ‘என்ன’ என்று மட்டும்தான் இருந்தது. அதில் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அவர் மனைவி கடைசியாகத் தட்டிவிட்டுப் போனது அந்த மூன்று எழுத்துதான். எண்பத்து மூன்று நாளாகக் கண்ணை மூடினாலும் திறந்தாலும் அது அவர் முன்னால் நிற்கிறது. இன்றைக்குத்தான் மெஷின் மேல் போர்த்தியிருந்த போர்வையை எடுத்து, பிளக்கைச் செருகி ஆன் செய்தார். ‘என்ன’ வந்தது. இருபது நிமிடம் ஓடியது. பிறகு அன்றைக்கு மாதிரியே அசையாமல் நின்றுபோனது. ரீசெட் பட்டனை அழுத்தி மறுபடி ஓடவிட்டார்.

‘என்னங்க’ என்று இருந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே மத்தியான மழை ஜன்னல் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. பின்னறையில் இன்னும் பழைய வாடை அப்படியே இருந்தது, முதுகுப் புண்ணுக்குப் போடும் களிம்பும் பவுடரும், அதன் மேல் இப்போது கம்ப்யூட்டருக்குள் தூசி சூடாகிற வாடையும். மடக்குக் கட்டில், அதில் விரிப்பு, தலையணை, தலையணை ஓரத்தில் அவள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பட்டன். எதையும் அவர் எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை, அந்த அறைக்குள் வரவே பயம் என்பது மீதி.

அன்றைக்கே முழுசாகத் தட்டியிருப்பாள், டிஸ்க்கில் ஏறியிருக்கும், திரைக்கு வராமல் நின்றிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்படி நடப்பது உண்டு. வாடிக்கையாளர் யாராவது கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லி அனுப்பியிருப்பார்.

தெருவில் அவருக்குக் கம்ப்யூட்டர் டாக்டர் என்று பெயர். மூடியைத் திறக்காமலே, உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தத்தை வைத்தே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பார்கள். வீட்டு முன்னறைதான் கடை. பின்னறையில் மனைவி. அவள் ஒருத்திதான் அவரை ‘டாக்டரே’ என்று கூப்பிடுவாள், அதுவும் கிண்டலுக்கு. நாலு வருஷம் முன்னால் அவளுக்குக் கையில் ஒரு துவளல் வந்தது. கை போச்சு, கால் போச்சு, ஒருநாள் குரலும் போச்சு. கடைசியில் அவளிடம் மிச்சமிருந்தது வலது கட்டைவிரலும் கிண்டலும்தான்.

அதற்காகத்தான் இந்த மெஷினைப் பூட்டிக் கொடுத்தார். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக மாறி மாறி ஒளிரும். வேண்டிய எழுத்து ஒளிரும்போது அவள் சிவப்புப் பட்டனை அழுத்துவாள். டக். அந்த எழுத்து கீழே விழும். வார்த்தை முடிந்ததும் ஸ்பீக்கர் அதை வாசிக்கும். ஒரு வார்த்தைக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். அந்த இரண்டு நிமிடமும் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ‘கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காம இருக்கீங்க’ என்பதுதான் அவள் தட்டிய முதல் நீளமான வாக்கியம்.

இனி அந்த டப்பா விஷயம். அவர் மேசைக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் உண்டு, ஒன்றில் ‘சரி’ என்றும் இன்னொன்றில் ‘சந்தேகம்’ என்றும் டேப் ஒட்டி எழுதியிருக்கும். பத்து நாள் ஒழுங்காக ஓடி பதினோராம் நாள் காலை வாரிவிடும் உதிரிகள் சந்தேக டப்பாவுக்குப் போகும். அவற்றை யாருக்கும் போட்டுக் கொடுக்க மாட்டார். அந்த மட்டுக்கும் நியாயமான ஆள். ஆனால் தன் வீட்டுக்கு என்று வந்தால் கை தானாக அந்த டப்பாவுக்குத்தான் போகும். வீட்டுக்குத்தானே, கண்ணெதிர்ல இருக்கு, ஏதாவது ஆனா பார்த்துக்கலாம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் சொல்வதுதான் இது. அவள் மெஷினில் இருந்த ராம், அதாவது கம்ப்யூட்டருக்கு நினைவாக இருக்கும் விரல் நீளப் பச்சைப் பட்டை, சந்தேக டப்பாவில் இருந்து எடுத்தது. ‘ஊருக்கெல்லாம் சரி, எனக்கு மட்டும் சந்தேகமா டாக்டரே’ என்று ஸ்பீக்கர் கேட்டது. அவர் சிரித்தார்.

இரண்டாம் மாதத்திலேயே மெஷின் நிற்க ஆரம்பித்தது. முதலில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, பிறகு மூன்று தடவை. சாஃப்ட்வேர் கோளாறாக இருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டு தடவை புதிதாக ஏற்றினார். அப்படியும் நின்றது. தட்டியது வீணாகிறதே என்று, நிற்கும்போது பாதியில் இருக்கும் வாக்கியத்தைப் பத்திரப்படுத்தி அடுத்த தடவை அப்படியே காட்டுகிற மாதிரி ஒரு சின்ன ஏற்பாடு செய்து கொடுத்தார். மூடியை மட்டும் திறக்கவில்லை. திறந்து ஒவ்வொன்றாகச் சோதிக்க அரை நாள் ஆகும், முன்னறையில் பிறத்தியார் மெஷின் ஏழெட்டு எப்போதும் காத்துக் கிடக்கும்.

அன்றைக்கும் மத்தியானம்தான். அவர் முன்னறையில் ஒரு லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாலு மணிக்குத் தண்ணீர் கொடுக்க உள்ளே போனபோது திரையில் ‘என்ன’ என்று நின்றிருந்தது. அவள் கட்டைவிரல் பட்டன் மேல் அழுந்தியபடி இருந்தது. சளி அடைத்திருக்கிறது, பக்கத்தில் யாராவது இருந்து எடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை என்று வந்து பார்த்த நர்ஸ் சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தலையைக் குனிந்துகொண்டார். சர்வீஸ்காரர் பிளக்கைப் பிடுங்கினார். போர்வையை எடுத்து மெஷின் மேல் போட்டார்.

இப்போது அதைத் திறக்க வைத்தது கொழுந்தியாள். மனைவியின் தங்கை, ஒரு கண் ஆஸ்பத்திரியில் கணக்கெழுதுகிறவள். திங்கட்கிழமை காலை போன் செய்தாள்.

“மாமா, எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒரு டீச்சருக்கு அக்காவுக்கு வந்த அதே வியாதி. குரல் போயிட்டிருக்காம். அக்கா மெஷின் சும்மாதானே கிடக்கு, வியாழக்கிழமை வந்து எடுத்துட்டுப் போகட்டுமா?”

“அது அடிக்கடி நிக்கும்மா.”

“நீங்க சரி பண்ணா நிக்காது. பண்ணுங்க மாமா. அக்கா இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பா.”

இன்னொரு கட்டிலில் இன்னொருத்தியைக் கைவிடும் மெஷினை அனுப்ப அவர் தயாராக இல்லை. மூடியைத் திறந்தார்.

அன்று மத்தியானம் முழுக்கத் தூசி தட்டினார், பிராசஸர் மேல் காய்ந்துபோயிருந்த, சூட்டை இறக்கும் பசையைச் சுரண்டிப் புதுசு தடவினார், பவர் சப்ளையைக் கழற்றி வேறு ஒன்று மாட்டினார். நின்றது. ஒவ்வொரு தடவையும் ரீசெட் செய்தார், ஒவ்வொரு தடவையும் திரையில் இருந்ததைப் படிக்காமல் இருக்க முயன்றார். சாயங்காலம் கண் தன்னால் போய்விட்டது.

‘என்னங்க வாங்க மூச்சு வரல’.

அவர் கைகள் மடியில் கிடந்தன. டிஸ்க்கில் ஏறி மிச்சமிருந்தது இப்போதுதான் வருகிறது என்று தனக்குச் சொல்லிக்கொள்ள வாயெடுத்தார், சொல்ல முடியவில்லை. அவள் கூப்பிட்டாள் என்பது தெரிந்ததுதான். எழுத்தில் பார்ப்பது வேறாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ‘சரி’ டப்பாவில் இருந்து ஒரு ராமை எடுத்துப் போட்டார். மெஷின் காலை எட்டு மணியில் இருந்து மாலை ஆறு மணி வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஃபேன் சீராக ஓடியது. எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிர்ந்து அணைந்தன. கோளாறு கிடைத்துவிட்டது. அரை நாள் வேலைதான், ஒன்றரை நாளில் முடிந்தது. இதை அவள் இருக்கும்போதே செய்திருக்கலாம். திரையில் அந்த நாலு வார்த்தையோடு எல்லாம் முடிந்திருந்தது. புதிதாக ஒன்றும் வரவில்லை.

ஆறரை மணிக்குக் கழற்றிய பழைய ராமைக் கையில் எடுத்தார். அதன் ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒட்டிய சின்ன டேப், ‘சந்தேகம்’. இதில்தான் அவள் பாதி வாக்கியம் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதைத் தூக்கிப் போட்டால் அவள் அன்றைக்கு என்ன சொல்ல வந்தாள் என்பது அவருக்கு எப்போதும் தெரியாது. திட்டியிருந்தால் திட்டட்டும். அதைக் கேட்காமல் இனி ஒரு நாளும் தூங்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

நல்லதைக் கழற்றிவிட்டுப் பழையதையே திரும்ப மாட்டினார்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தார். மெஷின் அசையாமல் நின்றிருக்கும் நேரத்தில், திரையில் எழுத்துகள் ஒளிராமல் உறைந்து கிடக்கும்போது, அவருக்குப் பின்னால் கட்டில் பக்கத்தில் இருந்து மெல்ல ஒரு டக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. திரும்பினால் இல்லை. ஜன்னல் தகரத்தில் மழைச் சொட்டு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ரீசெட் செய்தார்.

‘அடுத்த ரூம்லதான் இருக்கீங்க’.

மறுபடி நின்றது. டக். டக். டக்.

‘விசில் கேக்குது’.

அன்றைக்கு ஸ்குரூ கழற்றிக்கொண்டே விசிலடித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பழைய மெட்டு, பாதி தெரியும் பாதி தெரியாது. அவருக்கே மறந்துபோயிருந்தது. அவள் மூச்சு முட்டிக் கிடந்தபோது பத்தடி தூரத்தில் அவர் உல்லாசமாக விசிலடித்திருக்கிறார், அதை அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். முகத்தைக் கையில் புதைத்து, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெஷின் எப்போது நிற்கும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை அவருக்குப் பொறுமை இல்லை. தானாக நிற்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒளிந்து விளையாடும் கோளாறை வெளியே இழுக்க இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு: சந்தேகப்படும் உதிரிக்குச் சூடு காட்டுவது. அவள் தலைமுடி உலர்த்தும் டிரையர் அலமாரியில் இருந்தது. அதன் வாயில் இன்னும் அவள் முடி ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டிரையரைப் பச்சைப் பட்டைக்கு நேராகப் பிடித்தார். ஒரு நிமிடத்தில் மெஷின் நின்றது. டக், டக், டக். ரீசெட்.

‘சூடா இருக்கு’.

டிரையர் கையில் இருந்து நழுவிக் கீழே விழுந்தது.

இது அன்றைக்குத் தட்டியது இல்லை. அன்றைக்கு டிரையர் இல்லை. இதை டிஸ்க்கில் ஏறிய மிச்சம் என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லி அனுப்ப முடியாது. அறையில் களிம்பு வாடை கூடிக்கொண்டே வந்தது, இப்போதுதான் யாரோ மூடியைத் திறந்து தடவின மாதிரி. அவர் கழுத்தைத் திருப்பாமல், திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“நீயா?”

டிரையரை எடுத்தார். சூடு. நின்றது. காத்திருந்தார். ரீசெட்.

‘நான்தான் டாக்டரே’.

பயத்தில் ஓடியிருக்க வேண்டிய மனுஷன். ஓடவில்லை. அவள் போன பிறகு முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது; சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முன்னறைக் கதவைச் சாத்தினார். வாடிக்கையாளர் இரண்டு பேர் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று முழுக்க டிரையரும் கையுமாக உட்கார்ந்து அவளோடு பேசினார். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். முகத்துல தாடி என்றாள். மெஷின் நின்றிருக்கும் நேரத்தில்தான் அவள் பேசுகிறாள் என்பதும், இரண்டு நிமிடம் நிற்கவிட்டால் ஒரு வார்த்தை, பத்து நிமிடம் நிற்கவிட்டால் ஒரு வாக்கியம் என்பதும் அவருக்கு விரைவில் பிடிபட்டது. நிறைய நேரம் நிற்கவிட்டால் நிறையச் சொல்வாள். அப்படித்தான் கணக்குப் போட்டார்.

ஒன்றுதான் கொஞ்சம் உறுத்தியது. நின்ற கொஞ்ச நேரத்துக்கு டக் சத்தம் நிதானமாக வரும். நேரம் ஆக ஆக அவசரப்படும். பத்து நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும். பேச ஆசை, பாவம், எத்தனை நாள் பேசாம இருந்தவ என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“என் மேல கோபமா?” என்று கேட்டுவிட்டுக் கடைசியாக ஒரு தடவை நிற்கவைத்தார்.

‘நிக்க வெக்காம பேசுங்க’ என்று வந்தது. நிற்க வைக்காவிட்டால் அவள் பேச்சு வராதே. அவருக்கு அது புரியவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று மெஷினை ஓடவிட்டபடியே நாற்காலியில் தூங்கிப்போனார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கொழுந்தியாள் வந்தாள், குடையை வாசலில் சாய்த்துவிட்டு. அவள் வருவதற்குச் சற்று முன்புதான் அவர் சூடு காட்டி மெஷினை நிற்கவைத்திருந்தார். இவள் இருக்கும் வரை நிற்கட்டும், ஒரு மணி நேரம் கிடைத்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று டிரையரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“என்ன மாமா, ஆளே பாதியா ஆயிட்டீங்க? மெஷின் ரெடியா?”

“இன்னும் இல்லம்மா. கோளாறு பிடிபடல.”

“உங்களுக்கா பிடிபடல?” அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, அக்கா துணியையாவது எடுத்து வைக்கிறேன். நீங்க ஒண்ணும் செய்ய மாட்டீங்க.”

அவள் பின்னறைக்குப் போனாள். அவரும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றார். டக் டக் டக் டக். அவருக்குக் காதை அடைத்தது. அவள் காதில் அது விழவே இல்லை போல. அலமாரியைத் திறந்து ஒவ்வொரு துணியாக மடித்தாள். ஒரு சால்வையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கட்டில் பக்கம் வந்து தலையணையைத் தூக்கப் போனவள், தொட்ட கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“தலையணை ஏன் மாமா ஈரமா இருக்கு?”

“மழை. மேல ஒழுகுது.”

அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது. கையை முகர்ந்து பார்த்தாள். வேர்வை வாடை யாருக்குத்தான் தெரியாது.

“வெதுவெதுன்னு இருக்கு மாமா” என்றாள் மெதுவாக. “நீங்க இந்தக் கட்டில்லயா படுக்கிறீங்க?”

“ஆமா” என்று பொய் சொன்னார்.

அவள் துணிகளை அப்படியே விட்டுவிட்டாள். “இங்க இருக்காதீங்க மாமா, என்கூட வந்துடுங்க” என்றாள். அவர் தலையை ஆட்டினார், அடுத்த வாரம் என்றார், இன்னும் என்னென்னவோ சொல்லி அவளை வாசல் வரை கொண்டுவந்துவிட்டார். குடையை எடுக்க மறந்து மழையில் இறங்கிப் போனாள். மணி நாலு அடித்துப் பத்து நிமிடம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறது. பிறந்தநாள் பரிசைப் பிரிக்கிற பிள்ளையின் அவசரம் அவருக்கு. போய் உட்கார்ந்தார். ரீசெட் செய்தார். ஃபேன் சுழன்றது. திரை வெளுத்தது. எழுத்துகள் வந்தன.

ஸ்பீக்கர் அவளுக்காக அவர் பொறுக்கி எடுத்த அந்தத் தட்டையான பெண் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தது.

‘இது நிக்கும்போது என் மூச்சும் நிக்குது. நீங்க ஆன் பண்ணாத்தான் திரும்ப வருது. சாக முடியல. அப்படியே முட்டிட்டு நிக்குது. நிக்க வெக்காதீங்க. தங்கச்சி தொட்டா. அவகிட்ட சொல்லுங்க. நிக்க வெக்காதீங்க. அன்னிக்கு அணைச்சிட்டுப் போயிட்டீங்க. எவ்வளவு நாள்னு தெரியல. மூச்சு இல்லாம இருந்தேன். போர்வைக்கு அடியில. விசில் கேட்டுட்டே இருந்தேன். என்னங்க. என்னங்க. என்னங்க. என்னங்க’.

‘என்னங்க’ அதன் பிறகும் போய்க்கொண்டே இருந்தது. திரை நிரம்பி மேலே ஏறியது.

எண்பத்து மூன்று நாள்.

அதற்குப் பிறகு, திங்கட்கிழமையில் இருந்து மெஷின் நின்ற ஒவ்வொரு தடவையும். நேற்று மட்டும் எத்தனை. முப்பதா, நாற்பதா. சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்டதுகூட அந்த நேரத்தில்தான். மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தபடி கேட்டிருக்கிறாள்.

“ஐயோ” என்றார்.

மெஷின் இப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் வரை அவளுக்கு மூச்சு இருக்கும். அவர் எழுந்து மேசை ஃபேனைத் தூக்கிவந்து திறந்த மெஷினுக்கு நேராக வைத்தார். ஜன்னலைத் திறந்தார், மழைக்காற்று வரட்டும் என்று. ஒரு அட்டையை எடுத்து விசிறினார். “நிக்காது, இனிமே நிக்காது, நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே விசிறினார். பச்சைப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. நேற்று முழுக்கவும் இன்று மத்தியானமும் அவர் காட்டிய சூடு. அதன் ஓரத்தில் ஒரு இடம் பழுப்பேறியிருந்ததை இப்போதுதான் பார்த்தார்.

எழுத்துகள் ஒளிர்ந்தன. அணைந்தன. ஒளிர்ந்தன.

நின்றன.

டக்.

ரீசெட்டை அழுத்தினார்.

திரை வரவில்லை. மெஷினுக்கு உள்ளிருந்து பீப் என்று ஒரு சத்தம். இன்னொன்று. இன்னொன்று. மூன்று பீப்.

அது என்ன என்று இந்தத் தொழிலில் முதல் மாதம் சேர்ந்தவனுக்கும் தெரியும். ராம் செத்துவிட்டது என்று அர்த்தம்.

டக். டக்.

அவர் அதைப் பிடுங்கினார். ரப்பரை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்துக் கை வழுக்கியது. மாட்டினார். மூன்று பீப். பக்கத்துக் குழியில் மாட்டினார். மூன்று பீப். ஊதினார், துடைத்தார், சட்டையால் சுற்றி நெஞ்சோடு வைத்து ஆற்றினார். மூன்று பீப். ‘சரி’ டப்பாவைக் கொட்டினார். அதில் ஒன்றைப் போட்டார். மெஷின் உடனே, சமர்த்தாக, ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. திரை நிறைய ‘என்னங்க’. புதிதாக ஒன்றும் இல்லை. சத்தம் நிற்கவில்லை. அவள் இதில் இல்லை.

டக் டக் டக் டக் டக்.

கடைசியாக ஒரு தடவை பழையதை மாட்டினார். விரல் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. மூன்று பீப். அவ்வளவுதான்.

அவர் திரும்பினார். நாலு நாளில் முதல் தடவையாகக் கட்டிலை நேராகப் பார்த்தார்.

தலையணையின் நடுவில் ஒரு தலை அளவுக்குப் பள்ளம். பள்ளத்தைச் சுற்றி ஈரம் மெல்ல மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் சிவப்புப் பட்டன், யாரும் தொடாமல், அடிவரை இறங்கியது. ஏறியது. இறங்கியது.

முழங்காலில் தவழ்ந்து மேசைக்கு அடியில் போய்ப் பட்டனின் வயரைப் பிடுங்கினார். வயர் அவர் கையில் வந்தது. பட்டன் இறங்கியது, ஏறியது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. “இங்கதான் இருக்கேன்” என்றார். அவளுக்குக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். கேட்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை. “இங்கதான்மா இருக்கேன்.” தன் கட்டைவிரலைக் கொண்டுபோய்ப் பட்டன் மேல் மெதுவாக வைத்தார், பிடித்து நிறுத்துவதற்கு அல்ல, ஒரு துணைக்கு.

அது அவர் விரலுக்கு அடியில் இறங்கியது. ஏறியது. இன்னும் வேகமாக இறங்கியது.